கை சொன்ன சூடு

மே 6, திங்கள்

இன்று காலை பத்தரைக்கு லீதியாள் விழுந்துவிட்டாள்.

எங்கள் ரொட்டிக் கடையில் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்து, மதுரையிலிருந்து வந்த ஒருவருக்கு, முட்டை வெள்ளையில் முந்திரி சேர்த்துச் செய்கிற மக்ரூனை எப்படி ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். "ஃப்ரிட்ஜுல மட்டும் வச்சிராதீய, அது நமத்து..." அதோடு நின்றுவிட்டது. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் என் மனைவி பாதி வாக்கியத்தில் நிறுத்தி நான் கேட்டதில்லை. அதனால்தான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தேன். வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கையில் பிடித்திருந்த டப்பா நழுவிக் கீழே விழுந்தது. அடுத்து அவளும் சாய்ந்தாள்.

ரொட்டித் தட்டு ஏற்றுகிற வேனிலேயே போட்டுக்கொண்டு பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமுக்கு ஓடினேன். ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பாம். அதைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். "நேரத்தோட கொண்டுவந்துட்டீங்க அண்ணாச்சி, அதுவே பாதி வைத்தியம்" என்றார் டாக்டர் கோமதிநாயகம். எப்போது என்ன பேசினாள், எந்தக் கை அசைந்தது என்று தினமும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். கடையில் சும்மா கிடந்த டைரியை எடுத்து வந்திருக்கிறேன். 

மே 7, செவ்வாய்

ஐ.சி.யு.வில் காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம்தான் பார்க்க விடுகிறார்கள். மாலையில் கண்ணைத் திறந்து "அத்தான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து "கடை" என்றாள். "கடை ஓடுது, நீ ஓடாம படு" என்றேன். சிரிக்கப் பார்த்தாள், ஒரு பக்கம்தான் சிரித்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் ஆள் இல்லாததால் நன்றாகவே அழுதேன்.

பேச்சு திரும்பி வந்துவிடும் என்கிறார் டாக்டர். எனக்கு அது போதும். கை கால் வராவிட்டாலும் நான் தூக்கிக்கொள்வேன். அவள் பேச வேண்டும்.

இன்று இரண்டு வார்த்தை.

மே 8, புதன்

மாடியில் ஒரு அறைக்கு மாற்றிவிட்டார்கள். மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி போகிறது. டாக்டர் வந்து ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "இன்னும் நாலஞ்சு நாளைக்குக் காய்ச்சல் வரவே கூடாது. நூறைத் தொட்டா உடனே எங்களைக் கூப்பிடுங்க, மருந்து குடுத்து இறக்கிருவோம்." காரணமும் சொன்னார். நான் லீதியாளின் கால் விரல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், காதில் ஏறவில்லை.

மாடிக்குச் சிஸ்டர் ஜெனோவா ஒரே ஆள். எட்டு அறையையும் அவளே பார்க்கிறாள். காலையில் அவள் வந்து காய்ச்சல் பார்ப்பாள். பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணிக்கு நான் பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும், அவள் வந்து கையெழுத்துப் போடுவாள். தெர்மாமீட்டரை அக்குளில் எப்படி வைப்பது என்று எனக்கு இரண்டு தடவை செய்து காட்டினாள்.

நான் யார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிச்சமிருக்கிற சூட்டில்தான் மக்ரூன் வேக வேண்டும். கூடினால் சிவந்துவிடும், குறைந்தால் பிசுபிசுக்கும். அந்தச் சூட்டை முப்பது வருஷமாக அடுப்புக்குள் கையை நீட்டிப் பார்த்துச் சொல்கிறவன் நான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் கொதிக்கிற தட்டை வெறுங்கையால் பிடித்து இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயின. மூன்று மாதம் கட்டோடு கிடந்தேன். அதற்குப் பிறகும் ஒரு நாள் தப்பியதில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் செல்வின் அண்ணாச்சி கையைப் பற்றிச் சொல்வார்கள்.

இன்று "அத்தான்", "தண்ணி", "வேண்டாம்", "சந்தனமாரி". நான்கு வார்த்தை. சந்தனமாரி எங்கள் கடையில் முட்டை வெள்ளை அடிக்கிறவள். இப்போது அடுப்பும் அவள் பொறுப்பில் இருக்கிறது. தினமும் அந்தியில் ஒரு நடை போய்க் கை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மே 9, வியாழன்

காலையில் ஜெனோவா பார்த்தபோது 99 என்று சொன்னாள்.

சபையிலிருந்து நாலு பெண்கள் ஜெபம் பண்ண வந்தார்கள். வந்ததும் முதலில் மேலே பார்த்தார்கள். "என்ன அண்ணாச்சி, ஃபேன ஓட விட்டிருக்கீய. வாதத்துக்குக் காத்து ஆவவே ஆவாது." நியாயம்தான். எங்கள் அப்பாவுக்கு வாதம் வந்தபோது மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே எரிய விட்டிருந்தோம். ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். வீட்டிலிருந்து கம்பளி வரவழைத்து, தலைக்கு மஃப்ளரும் கட்டிவிட்டேன். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. அவளுக்காகத்தானே.

பத்து மணிக்கு அந்தத் தெர்மாமீட்டர் குச்சியை வைத்தேன். 100.6. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சாதாரணமாக இருந்தது. கழுத்தில் வைத்தேன், சாதாரணம். திரும்பக் குச்சி, 100.8. பேட்டரி போயிருக்கும். மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு 98.4 என்று எழுதினேன். இரண்டு மணிக்குக் கை வைத்துப் பார்த்து 98.4. ஆறு மணிக்கும் அப்படியே. ஜெனோவா ஓட்டமாக வந்து, "நல்லா இருக்குல்லா அண்ணாச்சி" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

இன்று "அத்தான்", "தண்ணி" மட்டும். வந்தவர்கள் பேசிப் பேசியே அவளைக் களைப்பாக்கிவிட்டார்கள்.

மே 10, வெள்ளி

லீதியாளின் பிடிவாதம் போகவில்லை. ஒரு கைதான் வேலை செய்கிறது, அந்த ஒரு கையால் கம்பளியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். நான் மூட, அவள் தள்ள, நான் மூட. நாலாவது தடவை, "ஏட்டி, இங்கயும் எங்கூட மல்லுக்கு நிக்கியா" என்று சிரித்துக்கொண்டே கம்பளியின் இரண்டு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவிட்டேன். பிறகு சும்மா இருந்தாள்.

உதடு வெடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன். மத்தியானம் படுக்கை விரிப்பு நனைந்துபோய் மாற்ற வேண்டியிருந்தது. நன்றாக வியர்த்தால் நல்லதுதான்.

சந்தனமாரி போன் பண்ணினாள். நேற்று வைத்த மக்ரூன் அத்தனையும் பழுப்பாகிவிட்டதாம். நான் கை வைத்துச் சரி என்று சொல்லிவிட்டு வந்த சூடு. இவள் விறகைக் கூட்டியிருப்பாள். போனிலேயே நாலு வார்த்தை வாங்கிக்கொண்டாள்.

காலைக் கணக்கையும் இன்றிலிருந்து என்னையே எழுதச் சொல்லிவிட்டாள் ஜெனோவா, எட்டு அறைக்கும் ஓட வேண்டியிருக்கிறதாம். 98.4. 98.4. 98.4. 98.4.

"அத்தான்" என்ற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒன்று என்றே எழுதிக்கொள்கிறேன். டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை வந்ததும் காட்ட வேண்டும்.

மே 11, சனி

இன்று ஒரு சந்தோஷம். மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கம்பளிக்குள்ளிருந்து எப்படியோ இடது கையை உருவி என் கையைப் பிடித்தாள். பிடித்து இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு கன்னத்தில், பிறகு கழுத்தில். திரும்ப நெற்றியில். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது. நான் கையை எடுக்கப் போனால் விடவில்லை.

கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை. எங்களுக்குள் அந்தப் பழக்கம் கிடையாது. "நான் எங்கயும் போவல, இங்கதான் இருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவளே கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வார்த்தை இல்லை.

மே 12, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குச் சந்தனமாரி சாப்பாடு கொண்டுவந்தாள். கூடவே ஒரு தட்டில் மக்ரூன். மூன்றாவது நாளாகச் சிவந்து, வெடித்து, பார்க்கச் சகிக்கவில்லை. எங்கள் கடைக்குப் பெயரே மக்ரூனின் வெள்ளை நிறத்தால்தான். கத்தினேன். விறகைத் திருடி எரிக்கிறாயா, கண் தெரியவில்லையா, இருபது வருஷம் வேலை பார்த்து என்ன கற்றுக்கொண்டாய் என்று வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அவள் லீதியாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, நான் வெறகு ஒண்ணும் கூட்டல. நீங்க சரின்னு சொன்ன சூட்டுலயே வச்சேன். அதான் தப்பு."

"என்ன தப்பு?"

"நீங்க கை வச்சுப் பாத்துட்டுப் போன பொறவு அக்கா வருவாவ. அவிய கை வச்சுப் பாப்பாவ. சூடு கூட இருந்தா தணலை வாரிப் போட்டுட்டு, கதவைத் தொறந்து அரை மணி நேரம் ஆற விடுவாவ. பொறவுதான் தட்டு உள்ள போவும்."

"என்னைக்கு அப்படி?"

"தெனமும். ஒங்க கை வெந்து ஆறுன நாளுலேருந்து. ஒங்களுக்குச் சூடு தெரியல அண்ணாச்சி. 'அவிய மனசு ஒடைஞ்சிரும்டி, நீ வாயத் தொறந்துராத'ன்னு அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கினாவ. அவிய கெடையில கெடக்கும்போது நான் எப்படிச் சொல்ல?"

பதினாறு வருஷம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் என் உள்ளங்கையைப் பார்த்தேன், வழுவழு என்று ரேகை இல்லாமல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் குச்சி காட்டிய 100.8 ஞாபகம் வந்தது. மேஜை இழுப்பறையை இழுத்தேன். குச்சியை எடுத்து லீதியாளின் அக்குளில் வைத்தேன். அது சத்தம் போட்டதும் எடுத்துப் பார்த்தேன்.

103.2.

சந்தனமாரி நெற்றியில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். "ஐயோ, தணலா கொதிக்கே" என்றாள். நான் கம்பளியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன். யாரைக் கூப்பிட்டேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஊசி போட்டார்கள், ஃபேனைப் போட்டார்கள், ஈரத் துணியால் உடம்பெல்லாம் துடைத்தார்கள்.

நேற்று அவள் என் கையை நெற்றியில் வைத்துக்கொண்டது பாசத்தில் இல்லை. பார், கொதிக்கிறது, தொட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறாள். வாய் வராததால் என் கையை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். இருக்கிற கைகளிலேயே சூடு தெரியாத கையிடம் சொல்லியிருக்கிறாள். நான் அதைச் சந்தோஷம் என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

மே 13, திங்கள்

திரும்ப ஸ்கேன். இரண்டு படத்தையும் டாக்டர் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். முதல் படத்தில் ஒரு சின்னக் கறை. இரண்டாவதில் அது பரவிப் பெரிதாகியிருந்தது. எனக்கே தெரிந்தது, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரத்தம் போகாம உடனே செத்துப்போற இடம் ஒண்ணு. அதைச் சுத்திப் பாதி உசுரோட கெடக்கிற இடம் ஒண்ணு. அந்தச் சுத்தியிருக்கிற இடத்தைக் காப்பாத்தத்தான் நாம பாடுபடுறோம். உடம்பு சூடு ஏற ஏற அதுக்குத் தேவை கூடும். போறதோ கொஞ்ச ரத்தம். பட்டினியா கெடக்கிறவனை ஓடச் சொன்ன மாதிரி."

நெஞ்சில் சளி கட்டித்தான் காய்ச்சல் வந்திருக்கிறதாம். காய்ச்சலால்தான் பேச்சு போனதா என்று கேட்டேன். "அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. காய்ச்சல் இல்லாட்டியும் கொஞ்சம் பெருசாகியிருக்கலாம். ஆனா வியாழக்கிழமையே தெரிஞ்சிருந்தா நான் சும்மா இருந்திருக்க மாட்டேன்." கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "வியாழன் பத்து மணியிலேருந்து எல்லாம் 98.4. ஒரு புள்ளி கூடல, ஒரு புள்ளி குறையல. மனுச உடம்பு இப்படியா இருக்கும்? யார் எழுதினது இது?"

"சிஸ்டர் கையெழுத்துத்தான் இருக்கு" என்றேன். அது உண்மைதான்.

மே 14, செவ்வாய்

ஜெனோவாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மாடிக்கு வேறு சிஸ்டர் வந்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, ஆயா சொன்னாள்.

காலை 99.4. பத்து மணி 99.0. இரண்டு மணி 99.6. ஆறு மணி 98.8. குச்சி சொன்னது.

மே 15, புதன்

ஜெனோவா தன் பையை எடுத்துப் போக வந்திருந்தாள். போகிற வழியில் இந்த அறைக்குள் வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை. கிண்ணத்தில் கிடந்த துணியைப் பிழிந்து லீதியாளின் கழுத்தையும் கையையும் துடைத்துவிட்டாள். "அக்கா, நான் பொறந்த ஊருக்கே போறேன். ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றாள். லீதியாள் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

அப்போது டாக்டரும் வந்துவிட்டார். எழுந்து நின்றேன். "அந்தச் சீட்டுல இருக்க 98.4 பூரா நான் எழுதுனது டாக்டர். தெர்மாமீட்டர் நூறுக்கு மேல காட்டுச்சு. நான்தான் நம்பல. எங்கையத்தான் நம்பினேன். ஃபேன நிறுத்துனதும் நான்தான், கம்பளியச் செருகுனதும் நான்தான். இந்தப் பிள்ள என்னைய நம்பிக் கையெழுத்துப் போட்டுச்சு, அவ்வளவுதான் அது செஞ்சது." லீதியாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்பதெல்லாம் புரிகிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவளைப் பார்க்காமல்தான் பேசினேன்.

டாக்டர் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். எது சூடு என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான் என்றேன். கண்ணைத் திறந்தேன். ஒன்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"வெந்தப்பவே நரம்பு போயிருக்கும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜெனோவாவிடம், "நாளைக்கு டூட்டிக்கு வாம்மா, இனிமே நீயே பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாத" என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மே 16, வியாழன்

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலைமாட்டுப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

மே 24, வெள்ளி

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். காய்ச்சல் இல்லை, மூக்குக் குழாய் எடுத்தாயிற்று. வலது கால் இழுத்து இழுத்துப் போகிறது, கை தொங்குகிறது. வார்த்தை இல்லை.

கடையில் சந்தனமாரியிடம் அடுப்பைக் கொடுத்துவிட்டேன். இன்று மக்ரூன் வெள்ளையாக வந்தது. நான் அடுப்புப் பக்கம் போவதில்லை, பெட்டி கட்டுகிறேன். வாடிக்கையாளர்கள் ஸ்டூலைப் பார்த்துவிட்டு அம்மா எங்கே என்று கேட்கிறார்கள். உடம்பு சரியில்லை என்கிறேன். ஒவ்வொருவரிடமும் முழுக்கதையையும் சொல்லிவிட வேண்டும் போல் வாய் பரபரக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

அவளுக்கு ஒரு வார்த்தை வந்திருக்கிறது. "இல்ல."

முதல் தடவை கேட்டபோது சந்தனமாரியும் நானும் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி சிரித்தோம். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண்தான் விளக்கினாள். "எதைக் கேட்டாலும் இப்போதைக்கு அதுதான் சார் வரும். மனசுல வேற நினைச்சிருப்பாங்க, வாய்க்கு அது ஒண்ணுதான் கிடைக்கும். இதுக்கு மேல எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது." நேற்று முழுக்கச் சோதித்துப் பார்த்தேன். உன் பெயர் லீதியாளா, இல்ல. இது நம்ம வீடா, இல்ல. நான் யாரு, இல்ல.

இன்று சாயங்காலம் சந்தனமாரி போன பிறகு ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தேன். மூன்று வாரமாகத் தலைமாட்டில் உட்கார்ந்தவன் இன்று நேர் எதிரில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அந்த நாலு நாளையும் மணி வாரியாகச் சொன்னேன். பதினாறு வருஷம் எனக்காக அடுப்புக்குள் கை நீட்டியதற்கு ஒரு வார்த்தை நன்றிகூடக் கேட்காமல் இருந்தாயே என்றும் சொன்னேன். அழுகையில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. கடைசியில், "ஏட்டி, என்னைய மன்னிச்சிருவியா?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். பார்வை தெளிவாக இருந்தது.

"இல்ல."

கேட்டது என்னவோ தெரிந்த வார்த்தைதான். ஆனால் வாய்க்குக் கிடைத்தது அதுதானா, மனசில் இருப்பதே அதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும். கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்குத் தைரியம் வரவில்லை. தெருவில் விளக்கு எரிய ஆரம்பித்தது. அவள் உதடு காய்ந்திருந்தது.

"தண்ணி குடிக்கியா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள். டம்ளரைக் கிட்டே கொண்டுபோனேன். தலையை முன்னால் நீட்டி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.